தெருவில் வாசிப்பவரும் அவருடைய நாயும்: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை காந்திபுரம், உக்கடம், திருப்பூர் பழைய பேருந்து நிலையம், ஈரோடு மணிக்கூண்டு, பொள்ளாச்சி சந்தை என்று போய்வருகிறவர்கள் இப்படி ஒருவரை நிச்சயம் கடந்திருப்பீர்கள். கையில் கிளாரினெட்டோ புல்லாங்குழலோ உடுக்கையோ இருக்கும். முன்னால் ஒரு துண்டு விரித்திருப்பார். பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். இரவானால் கடை வாசலிலோ மேம்பாலத்தின் அடியிலோ தூங்குவார். கிட்டப் போனால் சாராய வாடை வரும்.

கோவையில் நாங்கள் சில நண்பர்கள் இப்படிப்பட்ட சிலரோடு பழகி வருகிறோம். உதவ நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒருவரைப் பெயர் சொல்லாமல் அடிக்கடி குறிப்பிடுவேன். தாராபுரம் பக்கத்துக்காரர், பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்தவர். நாங்கள் அவரை அண்ணா என்போம். அவருடைய நாயின் பெயர் செவலை.

இவ்வளவு நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் எப்படித் தெருவுக்கு வந்தார்?

ஒரே நாளில் யாரும் வருவதில்லை. பேண்ட் செட் முகூர்த்தத்தை நம்பிய பிழைப்பு. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அந்த மாதங்களில் செட்டுக்காரரிடம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பெரியும். தை பிறந்த பிறகு வாசித்து வாசித்து அதைக் கழிக்க வேண்டும். இடையில் கோயில் நோம்பிகள் (திருவிழாக்கள்) கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் இப்போது நம் பக்கத்து நோம்பிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் கேரளத்துச் செண்டை மேளத்தையும் டி.ஜே.யையும் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, வரிசையாக வரவேண்டிய முகூர்த்தங்கள் மொத்தமாகப் போயின. முன்பணம் மட்டும் கடனாக நின்றது. வாடகை பாக்கி, லைன் வீட்டைக் காலி செய்தது, வாத்தியத்தை அடகு வைத்தது எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன.

குடி இதிலிருந்து தனிக் கதை இல்லை. மாப்பிள்ளை அழைப்போ சாவு வீடோ, வாசிக்க வந்தவர்களுக்குக் குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பதை ஊர்க்காரர்கள் மரியாதை என்றே நினைக்கிறார்கள். கூலியைக் குறைத்துப் பேசும்போதுகூட "தண்ணி நம்ம செலவுங்க" என்று சேர்த்துச் சொல்வார்கள். மணிக்கணக்கில் வெயிலில் நடந்துகொண்டே ஊதுகிற உடம்புக்கு அலுப்பு மருந்தாக ஆரம்பித்து, சில வருடத்தில் அது இல்லாமல் விரல் நிற்காது என்ற நிலை வந்துவிடுகிறது. இவர்களைக் குடிகாரர்கள் என்று ஒதுக்கும் ஊருக்கு இதில் பங்கு உண்டு என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

அதற்குப் பிறகு உடம்பே வாசிப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கிளாரினெட்டின் ஊதுவாயை மேல் பல்லில் தாங்கி, கீழுதட்டைக் கீழ்ப் பல்லின் மேல் மடித்து ஊத வேண்டும். அண்ணாவுக்கு மேல் வரிசையில் முன்பல் போய்விட்டது. அதனால் வாத்தியத்தை இடது ஓரமாகச் சாய்த்துப் பிடிக்கிறார். மேல் ஸ்தாயிக்குப் போகவேண்டிய இடம் வந்தால் கீழே இறக்கி வாசித்துவிடுகிறார். பாட்டுத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும். ஊதுவாயில் வைத்துக் கட்டும் மெல்லிய நாணல் பட்டையான ரீடு பிளந்தால் புதிது வாங்கக் காசிருக்காது. பழையதையே பிளேடால் சீவி, நூல் சுற்றிக் கட்டி ஓட்டுகிறார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் வைத்துப் பாடும் பார்வையற்ற பாடகர்களில் பலர் வீடும் குடும்பமும் உள்ளவர்கள். காலையில் வந்து மாலையில் திரும்புகிற உழைப்பாளிகள். தெருவில் பாடுகிற எல்லோரையும் வீடற்றவர், குடிப்பவர் என்று எண்ண வேண்டாம்.

இது பிச்சைதானே? சட்டப்படி தவறில்லையா?

வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கொடுக்கும் காசை நான் பிச்சை என்று சொல்லமாட்டேன். ஆனால் காவலரின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை. 1945-ஆம் ஆண்டின் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. இதேபோல டெல்லியில் நடைமுறையில் இருந்த சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 ஜூலையில், பிச்சை எடுப்பவர்களைத் தெருவிலிருந்து அகற்ற உத்தரவிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. இது சமூக, பொருளாதாரப் பிரச்சினை, வேறு வழியில்லாதவர்கள்தான் இதில் இறங்குகிறார்கள் என்பது அதன் பார்வை. ஒரு காவலரிடம் பேச நேர்ந்தால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

ரயில் நிலையம் வேறு கணக்கு. ரயிலிலும் நிலையத்திலும் பிச்சை கேட்பதை 1989 ரயில்வே சட்டம் அனுமதிப்பதில்லை, அங்கே உட்காரவே விடமாட்டார்கள். ஒலிபெருக்கி வைத்தால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் கூடாது. வெறும் வாத்தியத்தைப் பகலில் நடைபாதையின் ஓரத்தில் வாசித்தால் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைக்காரரின் படியை மறிக்காமல் இருந்தால் போதும்.

காசு கொடுத்தால் குடித்துவிடுவாரே? சாப்பாடு மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதாதா?

குடிக்கக்கூடும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் காசு கொடுக்காததால் ஒருவர் குடியை விட்டார் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. குடிக்கு அடிமையான உடம்புக்குக் காலையில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். அதுவரை தாங்காதவர்கள் கூடுதல் விலை கொடுத்து எங்காவது வாங்குவார்கள், அல்லது அதைவிட மோசமான எதையாவது தேடுவார்கள். காசு குறைந்தால் முதலில் குறைவது சாப்பாடு. குடி கடைசியில்தான் குறையும்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். வாசிப்பு பிடித்திருந்தால் பத்தோ இருபதோ வாசிப்புக்காகவே கொடுப்பேன். ஒரு பாட்டைச் சொல்லி வாசிக்கக் கேட்பேன். கேட்டு வாங்கிய பாட்டை வாசிக்கும்போது அண்ணாவின் முதுகு நிமிரும். சாப்பாடு தனி. அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் ஒரு ரூபாய் இட்லி, மூன்று ரூபாய் தயிர் சாதம் என்று வயிறு நிறைந்துவிடும். வாங்கி வந்து கையில் திணிப்பதைவிட, "வாங்ணா, போய்ச் சாப்பிடலாம்" என்று கூட்டிப்போவது நல்லது. உட்கார்ந்து பேசினால்தான் அவருக்கு என்ன தேவை என்று தெரியும்.

பாட்டில் மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். நண்பராகிவிட்டோம் என்ற உரிமையில் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

"இன்றே விடுங்கள்" என்று சத்தியம் வாங்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்துவதைத் தாங்காது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் படபடப்பும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவார்கள், உடம்பில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிவிடுவார்கள், காய்ச்சலடிக்கும். இது பேய் பிடித்தது அல்ல, போதை ஏறியதும் அல்ல. சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தினமும் குடிப்பவர், இத்தனை மணியிலிருந்து குடிக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாப்பிடாமலே குடித்தவர்களுக்குத் தயமின் எனும் பி1 சத்து வற்றிப் போயிருக்கும். அவர்களுக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 ஊசி போடவேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். மருத்துவர்களுக்கு இது தெரியும், ஆனால் தெருவிலிருந்து மயங்கிய நிலையில் வருபவரின் குடிப் பழக்கத்தைச் சொல்ல நீங்கள்தான் அங்கே இருப்பீர்கள்.

நிறுத்துவது என்று அவரே முடிவெடுத்தால், முதல் நாளிலிருந்தே மருத்துவர் பார்வையில் இருக்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்கள் உண்டு. தமிழிலேயே பேசலாம்.

தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். டைசல்பிராம் என்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். தனக்கு அது கொடுக்கப்பட்டது தெரிந்து, ஒப்புக்கொண்டவருக்கு மட்டுமே மருத்துவர் தரும் மருந்து அது. சுவரொட்டிகளில் வரும் "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்த" விளம்பரங்களை நம்பவேண்டாம். அதேபோல ஆளைத் தூக்கிப்போய்ப் பூட்டிவைக்கும் மையங்களையும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது. பொதுவாக ஒருவரின் சம்மதத்தோடுதான் அனுமதிக்க வேண்டும். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

மாலை போட்டால், கோயிலில் கயிறு கட்டினால் விட்டுவிடுவார்களே?

விட்டவர்கள் இருக்கிறார்கள். பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டு, விரதம் முடிந்த பிறகும் தொடாதவர்களை எல்லோருக்கும் தெரியும். அதில் உள்ள பலத்தை நான் மதிக்கிறேன். மாலை போட்டவரை ஊர் "சாமி" என்று கூப்பிடுகிறது. குடிகாரன் என்று மட்டுமே கூப்பிடப்பட்டவருக்கு அது சாதாரண விஷயமில்லை. கூட நடக்க ஆள் இருக்கிறது, வேளைக்குச் சோறு இருக்கிறது, விடிகாலையில் எழுந்து குளிக்க ஒரு காரணம் இருக்கிறது.

ஆனால் மேலே சொன்ன ஆபத்து மாலை போட்டவருக்கும் உண்டு, உடம்பு ஒன்றுதானே. மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையோடு நிறுத்தட்டும், அப்புறம் மாலை போடட்டும். மாலை கழற்றும் நாளை மறந்துவிடாதீர்கள். அன்று சாயங்காலமே அவர் பழைய இடத்துக்கு, பழைய ஆட்களோடு வந்து உட்காருவார். அன்றைக்குத்தான் நாம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

தனக்கே சோறில்லாதவருக்கு நாய் எதற்கு?

எல்லோரும் கேட்பது இதைத்தான், கொஞ்சம் கோபமாகவும் கேட்கிறார்கள்.

தெருவில் தூங்கிப் பார்த்தவர்களுக்கு இரவுதான் பயம். செருப்பு போகும், பை போகும், போதையில் வருபவர்கள் உதைப்பார்கள். செவலை கிளாரினெட் பெட்டியின் மேல் தலையை வைத்துத்தான் படுக்கும். பெட்டிமேல் கை பட்டால் முதலில் உறுமல் வரும், அண்ணா விழிப்பது அப்புறம். கார்த்திகை, மார்கழிக் குளிரில் முதுகுப் பக்கம் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இதெல்லாம் வெளியே தெரிகிற பயன்.

தெரியாதது வேறு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லாத ஊரில், அவர் பெயர் வைத்துக் கூப்பிட ஒரு ஜீவன் இருக்கிறது. காலையில் நடுக்கத்தோடு எழுந்தாலும் அவர் முதலில் டீக்கடைக்குப் போய் வாங்குவது அதற்கான பாலும் பன்னும். நாயைப் பார்த்துக் குழந்தைகள் நிற்கும். குழந்தைக்காகத் தாய் நிற்பார். தாய் நின்றால் இரண்டு வார்த்தை பேசுவார். முழு நாளில் அவரோடு மனிதர்கள் பேசும் பேச்சில் பாதி செவலையால் வந்தது. நிறையக் குடித்தால் செவலை கிட்ட வராது, எட்டியே உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து அவர் நிறுத்திய இரவுகள் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நாயை விட்டுவிட்டு வந்தால்தான் உதவி என்று சொல்வது, உதவ மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம்.

மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறதே, ஏன் போகமாட்டேன் என்கிறார்?

நகர்ப்புற வீடற்றோருக்கான திட்டத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று வரையறை உண்டு. பகலிலும் இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-இலிருந்து வலியுறுத்தி வந்தது. கோவையிலும் மாநகராட்சிக் காப்பகங்கள் இயங்குகின்றன. உள்ளே பாய், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் உண்டு.

அவர் போகாததற்குக் காரணம் திமிர் இல்லை. குடித்திருந்தால் சேர்க்கமாட்டார்கள், குடிக்காவிட்டால் அவருக்கு இரவு நடுக்கம். வாத்தியத்தை எங்கே வைப்பது என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக நாய். ஒரு மழை நாளில் நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "செவலைய உட்டுப்போட்டு நா மட்டும் அங்க போய்ப் படுத்தா தூக்கம் வருமுங்களா, தம்பி?" என்றார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

பிறகு ஒரு வழி கிடைத்தது. பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் இரவில் செவலையைத் தன் கடைக்குள் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அண்ணா முதலில் பகலில் மட்டும் காப்பகத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். பொறுப்பாளரின் முகம் பழகியது. வாத்தியத்தைப் பொறுப்பாளரின் அறையில் வைக்க ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் இரவு தங்கினார். இப்படி அடுக்கடுக்காகப் போனால்தான் நடக்கிறது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டால் மறுநாளே ஆள் பழைய இடத்தில் இருப்பார்.

அவருடைய நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?

வாய்ப்பு இருக்கிறது, அதனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறி அறிகுறி உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு என்றது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. பேருந்து நிலையத்துக்குள்ளேயே வாழும் ஒருவருக்கு இதன் அர்த்தம் புரிகிறதல்லவா?

ஆகவே நாயோடு இருப்பவரை நிலைய வளாகத்துக்கு வெளியே, கடை வீதி நடைபாதையில் உட்காரச் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையும் கயிறும் வாங்கிக் கொடுங்கள். அரசுக் கால்நடை மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அட்டையை லேமினேட் செய்து வாத்தியப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். நாயும் அவரும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். வளர்ப்பு நாய் என்று காட்ட இவை உதவும். கருத்தடையும் செய்துவிடுங்கள். பெண் நாய் தெருவில் குட்டி போட்டால் அவரால் சமாளிக்க முடியாது.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஊசி அங்கே இலவசம்.

நாய்க்கு என்ன கொடுக்கலாம்?

தயிர் சாதம், அவித்த முட்டை, காரம் போடாத கறி. சுத்தமான தண்ணீர், அதுதான் பலர் மறப்பது. பிரியாணி மிச்சமும் சால்னாவும் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. சமைத்த கோழி எலும்பு குத்திக்கொள்ளும். சாக்லேட் விஷம். மாதத்துக்கு ஒருமுறை உண்ணி பார்த்து மருந்து போட்டால் பாதிச் சீக்கு வராது.

நாய்க்குப் பதில் குரங்கோ கிளியோ வைத்திருப்பவர்கள்?

அது வேறு விஷயம். குரங்கை ஆட்டிக் காட்டுவதும் நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதும் சட்டப்படி குற்றம், அந்த உயிர்களுக்கும் வதை. பூம்பூம் மாட்டுக்காரர்கள் உறுமியும் சின்ன நாகசுரமும் வாசித்துக்கொண்டு தலைமுறையாகச் சுற்றுபவர்கள். அவர்கள் கதை தனியாகப் பேசவேண்டியது. இந்தப் பக்கம் துணைக்கு நாய் வைத்திருப்பவர்களைப் பற்றியது மட்டுமே.

ஜி.எச்.இல் சேர்ந்தால் நாயை யார் பார்ப்பது?

சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் அவர் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் உங்களிடம் தயாராக இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடியும். "யாராவது பாத்துக்குவாங்க" என்பது பதில் அல்ல. யார், எங்கே, என்ன சாப்பாடு, இரவு எங்கே கட்டுவது என்று ஆளைக் கூட்டி வந்து அவர் முன்னால் நிறுத்திச் சொல்லவேண்டும். சேருவதற்குச் சில நாள் முன்பே நாய் அந்த வீட்டில் ஓர் இரவு தங்கிப் பழகினால் இன்னும் நல்லது. வார்டில் இருக்கும்போது தினமும் ஒரு வீடியோ காட்டுங்கள். அண்ணா மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறப் போனார். பூக்கடை அக்கா போனில் "செவலை இங்க நல்லாத் தின்னுட்டு தூங்குதுங்ணா, நீங்க இருந்து பாத்துட்டு வாங்க" என்று சொன்ன பிறகுதான் படுத்தார்.

அடுத்த சிக்கல் வெளியே வரும் நாள். பத்து நாள் மருந்து சாப்பிட்டுவிட்டு அதே நடைபாதைக்குத் திரும்பினால் பெரும்பாலும் ஒரு வாரம் தாங்காது. வெளியே வருவதற்கு முன்பே ஓர் இடம் பார்த்துவையுங்கள். நாயை ஏற்கும் ஒற்றை அறை கிடைப்பது கஷ்டம். நகருக்கு வெளியே தோட்டத்துச் சாளையில் (தோட்டத்துக் குடிசையில்), காவலுக்கு ஆளும் நாயும் தேவைப்படும் விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்தில் அது நடக்கக்கூடிய காரியம். தங்க இடம், காவல் கூலி, நாய்க்கும் இடம். ஆனால் பேருந்து வசதி உள்ள தோட்டமாகப் பாருங்கள். மாதா மாதம் மருத்துவரைப் பார்க்க வரவேண்டும், வாசிக்கவும் ஊருக்குள் வரவேண்டும்.

வீடியோ எடுத்துப் போட்டால் உதவி குவியுமே?

கேட்டுவிட்டு எடுங்கள், குடித்திருக்கும்போது கேட்ட சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவர்களில் பலர் தங்கள் நிலை ஊருக்குத் தெரியக்கூடாது என்றுதான் ஊரை விட்டு வந்தவர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அந்த வீடியோ போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாசிப்பை மட்டும், முகம் தெரியாமல் பதிவு செய்து அவரிடமே போட்டுக் காட்டலாம்.

குடும்பத்தைத் தேடித் தருவதும் இப்படியே. அவர் கேட்டால் மட்டும். முதலில் நீங்கள் அந்த வீட்டாரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். அவர் கைநீட்டி அடித்த கதை அந்த வீட்டில் இருக்கலாம், அவர்களுக்கும் மறுக்க உரிமை உண்டு.

மறுபடி வேலைக்குப் போக வழி உண்டா?

உண்டு. பழைய செட்டுக்காரர்களிடம் முகூர்த்த நாட்களில் ஆள் பற்றாக்குறை இருக்கும். முன்பணம் வாங்காமல் நாள் கூலிக்கு மட்டும் போகட்டும். கூலியைப் பணமாகவே கொடுக்கும்படி செட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள். அண்ணமார் கதைக்கு உடுக்கை அடித்தவர், ஒயிலாட்டத்துக்கும் பெருஞ்சலங்கை ஆட்டத்துக்கும் மேளம் வாசித்தவர் என்றால், 2007-இல் அமைந்த தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய முயலலாம். கோவைக்காரர்கள் மாவட்டத்துக்கு வெளியே அலைய வேண்டியதில்லை, இங்கேயே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் இருக்கிறது. முகவரிச் சான்றுதான் முட்டுக்கட்டை. காப்பகத்தில் தங்கியிருந்தால் அந்த முகவரியை வைத்து ஆதாரில் இருந்து தொடங்குங்கள்.

வாத்தியத்தைப் பழுது பார்த்துக் கொடுப்பது சோற்றுக்கு அடுத்த உதவி. நல்ல ரீடு, பல் மருத்துவரிடம் ஒரு பார்வை. செயற்கைப் பல் கட்டி மறுபடி நேராகப் பிடித்து ஊதப் பழகுகிறவர்கள் உண்டு, கொஞ்ச நாளாகும்.

இவ்வளவு செய்தும் மறுபடி குடித்துவிட்டாரே?

குடிப்பார். இந்த நோயில் சறுக்குவது சகஜம், அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திட்டவேண்டாம், போதையில் இருக்கும்போது பேசவும் வேண்டாம். மறுநாள் காலையில் டீ வாங்கிக் கொடுத்து, எந்த நேரத்தில், யாரோடு, எதனால் என்று கேளுங்கள். அண்ணாவுக்கு ஒவ்வொரு முறையும் முகூர்த்த நாளின் மாலையில்தான் சறுக்கியது. இப்போது அந்த மாலைகளில் எங்களில் ஒருவர் அவரோடு இருக்கிறோம். இடையிடையே சறுக்கினாலும் முன்பைவிடக் குடி குறைந்திருக்கிறது. ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒருநாள் ஆளையே காணோம். எங்கே தேடுவது?

முதலில் நாயைத் தேடுங்கள். நாய் வழக்கமான இடத்தில் இருந்து அவர் மட்டும் இல்லையென்றால் தாமதிக்க வேண்டாம். அவராக அதை விட்டுப் போகமாட்டார். நேராக ஜி.எச். அவசரப் பிரிவுக்குப் போய், பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்டவர்கள் பட்டியலைக் கேளுங்கள். அடுத்தது காவல் நிலையம். வாசிப்பவர் என்பதையும் வாத்தியத்தையும் சொல்லுங்கள், முன்பல் போன்ற அடையாளத்தையும் சொல்லுங்கள். நாய்க்குச் சோறும் தண்ணீரும் வைக்க ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அதுவும் தேடிக்கொண்டு கிளம்பிவிடும்.

இரண்டு பேருமே இல்லையென்றால் அவ்வளவு பதறவேண்டாம். பங்குனியில் பண்ணாரி குண்டம் (தீமிதி), தைப்பூசத்துக்குப் பழனி என்று நோம்பி நடக்கும் ஊருக்கு வாசிக்கப் போயிருப்பார்கள். டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் கேட்டால் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிந்துவிடும்.